காலேஜ்ல போயா எழுதக் கத்துக்குடுக்கிறது?

"காலேஜ் வந்த பையனுக்கு நாலு வரி சொந்தமா எழுதத் தெரியலைன்னா, அவனை எதுக்குக் காலேஜ்ல சேர்த்தாங்க?" இந்தக் கேள்வியைப் பல வாய்ல கேட்டாச்சு. கம்பெனி எச்ஆர் ஆட்கள் கேட்பாங்க. காலேஜ் வாத்தியார்கள் டீக்கடையில கேட்பாங்க. ஞாயித்துக்கிழமை கார்ல நிலம் பார்க்க வர்ற சென்னை சார்கள், வரப்புல செருப்பு வழுக்காம நடந்துக்கிட்டே கேட்பாங்க. கேட்கிற எல்லார் கையிலயும் பதிலும் தயாரா இருக்கும். ஸ்கூல் சரியில்லை, ஆல் பாஸ் கெடுத்துச்சு, செல்போன் கெடுத்துச்சு, இவங்கல்லாம் பேசாம ஐடிஐ போயிருக்கணும்.

சொர்ணவாரி அறுப்பு முடிஞ்சு நெல்லும் கொள்முதல் நிலையத்துக்குப் போயாச்சு. உட்கார நேரம் கிடைச்சதால இதுக்குப் பதில் எழுதிடலாம்னு பார்க்கிறேன். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்குங்க.

காலேஜ்லதான் கத்துக்குடுக்கணும். முதல் வருஷத்துல, மார்க் உண்டுன்னு சொல்லி, தமிழ்லேயே ஆரம்பிச்சு, சொந்தமா எழுதப் பழக்குற ஒரு பாடம் எல்லாக் காலேஜ்லயும் வேணும். அப்படி ஒண்ணு வைக்கிறது காலேஜுக்குக் கேவலம்னு நினைக்கிறவங்களோட எனக்குச் சண்டை. வெச்சிருக்கோம்னு ஃபைல்ல மட்டும் காட்டுறவங்களோட அதைவிடப் பெரிய சண்டை.

முதல்ல வர்ற பிள்ளைங்க யாருன்னு பாருங்க. 1998ல இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்லேர்ந்து கார் வெளிய வர ஆரம்பிச்சதுலேர்ந்து எங்க பக்கமே வேற ஆயிடுச்சு. நோக்கியா வந்துச்சு, 2014ல மூடிட்டுப் போச்சு. ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம்னு ஏரிக்கரை ஓரமெல்லாம் கம்பெனி கேட். நிலம் போன வீடு, பாதி நிலம் மிஞ்சின வீடு, நிலமே இல்லாம அடுத்தவன் கழனியில அறுத்த வீடு, எல்லா வீட்டுலயும் ஆசை ஒண்ணுதான். பிள்ளை கழுத்துல ஐடி கார்டு தொங்கணும். அரசாங்கமும் கதவைத் திறந்துச்சு. 2021லேர்ந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் மாதிரிப் படிப்புகள்ல 7.5 சதவீத ஒதுக்கீடு. பொண்ணுங்களுக்கு 2022லேர்ந்து புதுமைப்பெண், பசங்களுக்கு 2024லேர்ந்து தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000 ரூபா. இதுல எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா கதவைத் திறந்து உள்ள கூப்பிட்டுட்டு, "உனக்கு இங்க உட்காரத் தெரியலை"ன்னு சொன்னா அது என்ன மரியாதை?

கொரோனாவையும் சேர்த்துக்குங்க. 2020 மார்ச்ல மூடுன பள்ளிக்கூடம், எட்டாவது வரைக்கும் இருந்த பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்துச்சு. ஏறக்குறைய 19 மாசம். மூடுறப்போ ஆறாவது படிச்ச பிள்ளை, வருஷம் தவறாம வந்தா 2026ல காலேஜ் வாசல்ல நிக்கும். 'அசர்' கணக்கெடுப்பு 2023ல 26 மாநிலங்கள்ல 28 மாவட்டத்துல, 14லேர்ந்து 18 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளைப் பார்த்துச்சு. தமிழ்நாட்டுல பெரம்பலூர். மொத்தமாச் சேர்த்துப் பார்த்தா, கால்வாசிப் பேரால ரெண்டாம் வகுப்புப் பாடத்தைத் தங்க மாநில மொழியிலேயே சரளமா வாசிக்க முடியலை. வாசிப்பே இப்படின்னா எழுத்து எப்படி இருக்கும்னு யோசிச்சுக்குங்க.

ஆனா இவங்களுக்கு எழுதவே தெரியாதுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். பக்கம் பக்கமா எழுதுவாங்க. பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சையில குறிப்புச் சட்டகம் போட்டு, முன்னுரையிலேர்ந்து முடிவுரை வரைக்கும் ஸ்கேல் வெச்சு அடிக்கோடு போட்டு எழுதுவாங்க. எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு உழவைப் பத்தி எழுதின கட்டுரையைப் பார்த்தேன். சேத்துல கால் வைக்கிற வாக்கியம் இருந்துச்சு, வள்ளுவர் இருந்தார், நாட்டோட முதுகெலும்பு இருந்துச்சு. அந்த வருஷம் மதகு அடைச்சுக்கிட்டு ஏரித் தண்ணி வராம அவங்கப்பா முக்கால் ஏக்கரைச் சும்மா போட்டது மட்டும் இல்லை. அதை எழுதலாம்னு யாரும் சொல்லித் தரலை. எழுதினா மார்க் குறையும்னு வேற பயம். பன்னெண்டு வருஷம் நாம பழக்கினது மனப்பாடத்தை இறக்கி வைக்கிறது. நடந்ததை நடந்தபடி, படிக்கிறவனுக்குப் புரியற வரிசையில வைக்கிறது வேற வேலை. அந்த வேலையை யாருமே இவங்களுக்குக் குடுக்கலை.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். மெக்கானிக்கல் முடிச்சவன், ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் ஆள். மூணு நாள் வேலைக்கு வரலைன்னு ஷோகாஸ் நோட்டீஸ் குடுத்துட்டாங்க. "பெரிப்பா, பதில் எழுதி வெச்சிருக்கேன், சரியான்னு பாருங்க"ன்னு நீட்டினான். பார்த்தா, நாம அஞ்சாவதுல எழுதுவோமே, அந்த லீவ் லெட்டர். எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் மூன்று நாள் விடுப்பு அளிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், அதோட இங்கிலீஷ்.

"உனக்காடா காய்ச்சல்?"

"இல்ல பெரிப்பா, அம்மாவுக்குத்தான் மூச்சுத்திணறல். செங்கல்பட்டு ஜிஎச்ல சேர்த்திருந்தோம்."

அப்புறம் வாயால சொன்னான் பாருங்க, ஒண்ணு பிசகலை. செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தரைக்கு அம்மாவுக்கு மூச்சு இழுத்தது, 108க்குப் போன் போட்டது, காலையில ஆறு மணிக்கு முன்னாடியே சூப்பர்வைசர்கிட்டப் பேசினது, அவர் "சரி பார்த்துக்கலாம்"னு சொன்னது, அந்தக் கால் போன்ல பதிவா இருக்கிறது, டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவுல இருக்கிறது. தேதி, நேரம், சாட்சி, ஆதாரம், எல்லாம் வரிசையா வாயில இருக்கு. பேப்பர்ல மட்டும் காய்ச்சல். அதை அப்படியே குடுத்திருந்தா, உள்விசாரணையில "உன் மெடிக்கல் சர்டிபிகேட் எங்கே"ன்னு ஒரே கேள்வி கேட்டிருப்பாங்க. முழு உண்மையும் கையில இருந்தும் பொய்யனா நின்னிருப்பான். ஏன்டா இப்படி எழுதினேன்னு கேட்டதுக்கு, "லெட்டர்னா இப்படித்தானே எழுதுவாங்க பெரிப்பா?"ங்கிறான். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவனுக்குத் தெரிஞ்ச ஒரே கடுதாசி அதுதான்.

எங்க பக்கத்து வாழ்க்கை காகிதத்துல ஓடுதுங்கிறது நகரத்துல இருக்கிறவங்க கண்ணுக்குத் தெரியறதில்லை. சிப்காட்டுக்கு நிலம் எடுக்கிறது 1997ஆம் வருஷத்து தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்துல. அதுல 3(2) நோட்டீஸ்னு ஒண்ணு வரும். உன் நிலத்தை ஏன் எடுக்கக்கூடாதுன்னு காரணம் காட்டுன்னு கேட்கும். அதுவும் ஷோகாஸ்தான். தாத்தா காலத்து நிலம், எங்க குலசாமி இருக்கிற இடம்னு அழுதுட்டு வரலாம். எழுத்துல என்ன குடுத்தோமோ அதுதான் ஃபைல்ல ஏறும். எந்த சர்வே நம்பர்ல எத்தனை சென்ட், கிணறு எந்த மூலையில, எந்த மதகுலேர்ந்து பாசனம், எத்தனை மரம், இதையெல்லாம் எழுதணும். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் ஜனங்க 2022லேர்ந்து நிக்கிறாங்க. தெருவுல நின்னது மட்டும் இல்லை, கிராம சபையில தீர்மானம் மேல தீர்மானமா எழுதி நிறைவேத்தியும் வெச்சாங்க. 2024ல சுங்குவார்சத்திரம் சாம்சங்ல 37 நாள் ஸ்டிரைக் நடந்துச்சே, அதுல பெரிய முட்டுக்கட்டை எது? சங்கத்தைப் பதிவு பண்ணச் சொல்லிக் குடுத்த மனு. அந்தக் காகிதம் கோர்ட் வரைக்கும் போய், 2025 ஜனவரியிலதான் பதிவாச்சு.

கம்பெனிக்கு உள்ளேயும் அதே கதை. மெஷின் நின்னா 'ஒய் ஒய் அனாலிசிஸ்'னு ஒரு ஷீட் குடுப்பாங்க. டொயோட்டாவுல ஆரம்பிச்ச பழக்கம்: ஒரு கோளாறுக்கு அஞ்சு தடவை "ஏன்"னு கேளு. மெஷின் ஏன் நின்னுச்சு, ஃபியூஸ் ஏன் போச்சு, பேரிங் ஏன் இறுகுச்சு, இப்படி. அந்த அஞ்சு கட்டத்துலயும் நம்ம பசங்க "ஆபரேட்டர் கவனக்குறைவு"ன்னு ஒரே வரியை எழுதிட்டு வர்றாங்கன்னு மெயின்டனன்ஸ்ல இருக்கிற ஒரு சொந்தக்காரர் தலையில அடிச்சுக்கிறார். இத்தனைக்கும் மெஷின் சத்தத்தை வெச்சே எந்த பேரிங் போச்சுன்னு சொல்ற பசங்க. காரணத்துக்குப் பின்னாடி காரணமா ஒரு வாக்கியத்தை இன்னொரு வாக்கியத்தோட கட்டத் தெரியாம, பழியைத் தன் ஆள் மேலேயே போட்டு எழுதிட்டு வர்றாங்க. அதனால "ஐடிஐ போயிருக்கணும்"னு சொல்ற சார்களே, ஐடிஐ முடிச்சவனுக்கும் இதே ஷீட்தான் குடுக்கிறாங்க. அங்கேயும் இந்தப் பாடம் வேணும்.

சரி, காலேஜ்ல இப்போ என்ன நடக்குது? அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 பாடத்திட்டத்துல முதல் வருஷத்துக்கு புரொஃபஷனல் இங்கிலீஷ் ரெண்டு செமஸ்டர் இருந்துச்சு. 2022 மார்ச்ல நான் முதல்வன் வந்துச்சு, அதுல இங்கிலீஷ் பேச்சு, கம்ப்யூட்டர், இன்டர்வியூ பயிற்சி எல்லாம் உண்டு. நல்லது, இருக்கட்டும். ஆனா தமிழ்ல நாலு வாக்கியம் சேர்த்து ஒரு விஷயத்தைச் சொல்லத் தடுமாறுற பையனுக்கு, குரூப் டிஸ்கஷன்ல எப்படிக் கை அசைக்கணும்னு சொல்லிக் குடுத்து என்ன பிரயோஜனம்? ரெஸ்யூமேன்னா சீனியரோடதை வாங்கிப் பேரை மாத்துறான். மறுபடியும் பார்த்து எழுதுறதுதான்.

தமிழும் வெச்சிருக்காங்க. 2022லேர்ந்து இன்ஜினியரிங் முதல் வருஷத்துல 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்'னு ரெண்டு பாடம். ரெண்டாவதுல ஏரி, மதகு, சோழர் காலத்துக் குமிழித் தூம்பு எல்லாம் வருது. பாடத்திட்டத்தைப் பார்த்து எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, பசங்க குமிழித் தூம்பை ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்றாங்கன்னு. பஸ்ல அவன் தினமும் தாண்டிப் போறது ஒரு ஏரி. அதோட மதகை யார் திறப்பா, கலங்கல் எந்தப் பக்கம், கடைசியா எப்போ தூர் வாரினாங்கன்னு அவன் தாத்தாகிட்டக் கேட்டு ரெண்டு பக்கம் எழுதிட்டு வான்னு சொன்னா, அது எழுத்துப் பாடமும் ஆச்சு, தொழில்நுட்பப் பாடமும் ஆச்சு. பாடம் கையிலேயே இருக்கு. எழுதச் சொல்றதுக்குத்தான் ஆள் இல்லை.

இன்னொரு கூத்து உண்டு. நாக் கமிட்டி வரும்போது காலேஜ்ல ஒரு கேள்வி கேட்பாங்க: மெதுவாக் கத்துக்கிற மாணவர்களுக்கு என்ன தனி ஏற்பாடு பண்றீங்க? நியாயமான கேள்வி. அதுக்கு இங்க நடக்கிற ஏற்பாடு என்னன்னா, ஒரு ஃபைல். மேல 'ஸ்லோ லேர்னர்ஸ்'. உள்ள பேர்ப் பட்டியல், பிரிட்ஜ் கோர்ஸ் அட்டெண்டன்ஸ், ஜியோடேக் போட்ட போட்டோ. எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் அந்த மாதிரி போட்டோவுல முன் வரிசையில உட்கார்ந்திருக்கான். அந்த கோர்ஸ் எத்தனை நாள் நடந்துச்சுன்னு கேட்டேன். போட்டோ எடுத்த அன்னிக்கு நடந்துச்சுன்னான். ஸ்லோ லேர்னர்ங்கிற பேரு மட்டும் வருஷம் பூரா கூடவே வந்துச்சு.

இந்தப் பிரச்சினை நம்ம ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. நியூயார்க்ல நகரப் பல்கலைக்கழகம் 1970ல, ஊர்ல பள்ளி முடிச்ச எல்லாருக்கும் இடம் உண்டுன்னு கதவைத் திறந்துச்சு. உள்ள வந்தவங்கள்ல நிறையப் பேர் கறுப்பினப் பிள்ளைகள், போர்ட்டோ ரிக்கோ பிள்ளைகள், கூலி வேலை செய்யற வீட்டுப் பிள்ளைகள். அங்கேயும் பெரிய மனுஷங்க இதே கேள்வியைத்தான் கேட்டாங்க. சிட்டி காலேஜ்ல எழுத்துப் பாடத்துக்குப் பொறுப்பா இருந்த மினா ஷானெஸிங்கிற அம்மா, புதுசா வந்தவங்க எழுதின சுமார் 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து படிச்சாங்க. 1977ல புத்தகம் போட்டாங்க. அதுல அவங்க காட்டினது: இந்தத் தப்புகளுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. இவங்க மக்குகள் இல்லை, எழுத்துக்குப் புதுசு. புதுசா எதைக் கத்துக்கிறவனும் தப்பு பண்ணித்தான் கத்துக்குவான். பின்னால 1999ல அந்தப் பல்கலைக்கழகமே, நாலு வருஷக் காலேஜ்கள்லேர்ந்து இந்த அடிப்படைப் பாடங்களை எடுக்கணும்னு ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுச்சு. அதையும் சொல்லிடணும், இல்லைன்னா நீங்களே வந்து சொல்வீங்க. ஆனா 2007ல பால்டிமோர் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரி வேற வழி பிடிச்சுச்சு. பின்தங்கின பிள்ளைகளைத் தனி அறையில ஒதுக்காம, எல்லாரோடயும் அதே மார்க் உள்ள வகுப்புல உட்கார வெச்சு, அந்தச் சில பேருக்கு மட்டும் அதே வாத்தியார்கிட்டக் கூடுதலா ஒரு வகுப்பு. அது பல ஊருக்குப் பரவுச்சு. நான் கேட்கிறதும் கிட்டத்தட்ட அதுதான்.

அந்த அம்மா சொன்ன கணக்கை நம்ம பசங்க எழுத்துலயும் பார்க்கலாம். நாம பேசற தமிழ் ஒண்ணு, எழுதற தமிழ் ஒண்ணு. பேப்பரைக் குடுத்ததும் பையன் மேடைத் தமிழுக்குத் தாவுறான். "நான் வராததற்குக் காரணம் யாதெனில்"னு ஏணி வெச்சு ஏறுறான். பாதியில யார் வரலை, எது காரணம்னு அவனுக்கே மறந்துடுது. "ஆகையால்"னு ஒண்ணைப் போட்டுக் குதிச்சுடறான். வாத்தியார் ல, ள, ழவுக்கு மட்டும் சிவப்பு மையில சுழிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துடறார். முதல் மாசம் அவனைப் பேசற மாதிரியே எழுத விடணும். வந்துச்சு, போச்சு, எல்லாம் இருக்கட்டும். நடந்தது முழுசா பேப்பருக்கு வந்தப்புறம் எழுத்துத் தமிழுக்கு மாத்திக்கலாம், பிழையும் திருத்திக்கலாம். அப்புறம் அதே விஷயத்தை இங்கிலீஷ்ல. இங்கிலீஷ் வேண்டாம்னு நான் சொல்லலை, தயவுசெஞ்சு அப்படிப் படிக்காதீங்க. கொரியாக்காரர், ஜப்பான்காரர், ஜெர்மன்காரர் நடத்துற கம்பெனிகளுக்கு நடுவுல குடியிருக்கோம், இங்கிலீஷோட விலை எங்களுக்குத் தெரியும். வரிசையா யோசிச்சு எழுதத் தெரிஞ்சவனுக்கு இங்கிலீஷ்ல வார்த்தைதான் பாக்கி. அது தெரியாதவனுக்கு ரெண்டுமே பாக்கி.

என்ன எழுதச் சொல்றது? ஊர்ல இல்லாததா. பஞ்சர் ஒட்டுறது எப்படின்னு, பார்க்காதவனுக்குப் புரியற மாதிரி எழுது. உங்க வீட்டு கரன்ட் பில் தப்பா வந்திருக்கு, மின்வாரியத்துக்கு எழுது. ஹாஸ்டல் சாப்பாட்டுல என்ன குறை, யார் யார்கிட்டச் சொன்னீங்க, என்ன பதில் வந்துச்சு, தேதியோட எழுது. 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் பொண்ணுங்க ஹாஸ்டல் சாப்பாட்டால ஆஸ்பத்திரியில விழுந்தப்புறம் பெங்களூரு ஹைவேயில உட்கார்ந்தாங்களே, அதுக்கப்புறம் இந்தக் கட்டுரையைச் சும்மா வகுப்புக் கட்டுரைன்னு எங்க பக்கத்துல யாரும் சொல்ல மாட்டாங்க. தொழிற்சாலை நிலையாணைகளை இங்கிலீஷ்லயும், தொழிலாளர்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் புரியற மொழியிலயும் கேட் பக்கம் ஒட்டணும்னு 1946லேயே சட்டம் போட்டாங்க. அதுல ஒரு பக்கத்தை எடுத்துக் குடுத்து, உன் தங்கச்சிக்குப் புரியற மாதிரி சொல்லுன்னு எழுத விடுங்க.

இதுல எல்லாரும் தப்பிச்சு ஓடற இடம் ஒண்ணு இருக்கு. எழுதினதை யார் படிக்கிறது? எழுத்து அப்படித்தான் வரும், ஒருத்தர் உட்கார்ந்து படிச்சு, "இங்க எனக்குப் புரியலை, அப்புறம் என்ன ஆச்சு?"ன்னு கேட்டாத்தான் வரும். புரொஜக்டர் கேட்காது, ஆப் கேட்காது. வாரம் ஒரு பக்கம், 60 பேர், பக்கத்துக்கு 5 நிமிஷம்னா வாரத்துக்கு 5 மணி நேரம். 15 வாரத்துக்கு 75 மணி நேரம். இதை எந்த வாத்தியார் தலையில கட்டுறது? கெஸ்ட் லெக்சரருக்கு மாசம் 50,000 வரைக்கும் தரலாம்னு யுஜிசி 2019லேயே சொல்லியாச்சு. நம்ம அரசுக் கலைக் கல்லூரிகள்ல கௌரவ விரிவுரையாளர்கள் வாங்குறது அதுல பாதி. அவங்களையே இதையும் சும்மா பண்ணுன்னு சொன்னா, மறுபடியும் ஃபைலும் போட்டோவும்தான் மிஞ்சும்.

பணம் இல்லாத ஊர் இல்லை இது. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்துல 2 சதவீதம் சமூகப் பணிக்கு ஒதுக்கணும், கல்வியும் அந்தப் பட்டியல்ல இருக்கு. எங்க பக்கத்துப் பள்ளிகளுக்கு அந்தக் காசுல சுத்துச்சுவர் வந்துச்சு, ஆர்ஓ தண்ணி வந்துச்சு, ஸ்மார்ட் கிளாஸ் வந்துச்சு, ஒவ்வொண்ணுலயும் கம்பெனி பேர் போட்ட பலகை. 75 மணி நேரம் உட்கார்ந்து பிள்ளைங்க எழுதினதைப் படிக்கிற ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுங்கன்னு போன மாசம் ஒரு கூட்டத்துல கேட்டுப் பார்த்தேன். குறிச்சுக்கிட்டாங்க. அதை எங்க திறந்து வைக்கிறது, பலகையை எங்க மாட்டுறதுன்னு அவங்க ஆள் ஒருத்தர் உண்மையாவே கேட்டார்.